லெவாந் தீவு, ஆக்து, இஸ்த்ரியா: நிர்வாணக் கடற்கரைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

#1 பாரிஸ்_கிழக்கு

ஜூலை நடுவில் நாலு நாள் லீவு. இருவர், கார் கிடையாது, பாரிஸிலிருந்து ரயில். தெற்குக் கரையில் உடை கட்டாயமில்லாத கடற்கரை ஒன்றுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். தமிழில் தேடினால் கிளுகிளுப்புக் கட்டுரை வருகிறது, இல்லாவிட்டால் கலாசாரக் கண்ணீர் வருகிறது. எங்கே பஸ் ஏறுவது, எந்த இடத்தில் எதைக் கழற்றலாம், எங்கே கழற்றினால் போலீஸ் வரும், பையில் என்ன இருக்க வேண்டும் என்று யாரும் எழுதவில்லை. இன்னொன்று: இருவரில் ஒருவருக்கு நீச்சலுடையைக் கழற்ற மனமில்லை. அது எந்த இடத்தில் சரிப்படும், எங்கே சரிப்படாது?

#2 உப்புக்காற்று

கார் இல்லையெண்டால் லெவாந் தீவைப் பாருங்கோ. இயேர் நகரத்துக்கு முன்னால கடலில மூண்டு தீவு: போர்க்ரோல், போர்-க்ரோ, லெவாந். லெவாந் எட்டுக் கிலோமீற்றர் நீளம். அதில பத்தில ஒன்பது பங்கு பிரெஞ்சுப் படையின்ர ஏவுகணைச் சோதனைத் தளம், உள்ளுக்குப் போக ஏலாது. மேற்குப் பக்கத்தில மிஞ்சியிருக்கிற துண்டுதான் எலியோபோலிஸ் கிராமம். துய்ர்வில் எண்ட இரண்டு வைத்திய சகோதரர்கள் வெயிலும் காற்றும்தான் மருந்து எண்டு சொல்லி 1931 இல தொடங்கினது.

போற வழி: பாரிஸிலயிருந்து துலோனுக்கு டிஜிவி (அதிவேக ரயில்) நாலு மணித்தியாலம் மட்டில். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில ல லவாந்து எண்ட துறைமுக ஊருக்குப் போற பஸ். லவாந்துவில ரயில் இல்லை. கோடையில அந்தக் கரையோர வீதி அடைபட்டுக் கிடக்கும், அட்டவணையில போட்டிருக்கிற நேரத்தோட ஒரு மணித்தியாலம் கூட்டிக் கணக்குப் பாருங்கோ. துறைமுகத்திலயிருந்து நேர வள்ளம் எண்டால் 35 நிமிசம், போர்-க்ரோவைத் தொட்டுப் போனால் ஒரு மணித்தியாலம் வரை எடுக்கும். இயேர் பக்கத்திலயிருந்தும் வள்ளம் இருக்கு, அது இன்னும் நேரம் எடுக்கும். மத்தியான ரயில் எடுத்து வந்தால் கடைசி வள்ளத்தை விட்டுவிட்டு லவாந்துவில கோடை விலைக்கு அறை தேட வேண்டி வரும். விடியக் காலம ரயில் எடுங்கோ.

அறை பதியேக்க ஒரு பொறி இருக்கு. எலியோபோலிஸ் எண்ட பேரில கப் தாக்துவிலயும் (ஆக்து ஊரின்ர கடற்கரைப் பக்கம், அங்க பெரிய நிர்வாணக் குடியிருப்பு ஒண்டு இருக்கு) ஒரு பெரிய வட்டக் கட்டடம் இருக்கு. பேரைப் பார்த்து அவசரத்தில பதிஞ்சால் முன்னூறு கிலோமீற்றர் தள்ளிப் போயிடுவீங்கள். தபால் இலக்கத்தைப் பாருங்கோ: தீவுக்கு 83400, ஆக்துவுக்கு 34300.

உடுப்பு விசயம். வள்ளத்தில உடுப்போட. துறைமுகத்திலயும் கிராமச் சதுக்கத்திலயும் இடுப்பில ஏதாவது இருக்க வேணும். அங்கத்தைய ஆக்கள் அதை ‘மினிமம்’ எண்டுவினம், ஒரு சின்னத் துண்டுத் துணி போதும். ஒழுங்கைகளில விருப்பம்போல. கிரோத் எண்ட சின்ன மணல் கடற்கரையில நிர்வாணம் கட்டாயம். ஆகவே கழற்ற விருப்பமில்லாத ஆள் அங்க போய்ப் படுத்துக்கொண்டு ‘எனக்கு வேண்டாம்’ எண்டு சொல்ல ஏலாது. அவருக்கு அந்த மணலை விட்டுத் தள்ளியிருக்கிற பாறைகள்தான் தோது, கட்டாயம் எந்த இடம் வரைக்கும் எண்டு பலகையைப் பாருங்கோ.

#3 சட்டப்பிரிவு

போலீஸ் பற்றிக் கேட்டீர்கள். பிரான்சில் ‘பொது ஒழுக்கத்துக்கு ஊறு’ என்ற பழைய குற்றம் 1994 மார்ச்சில் புதிய தண்டனைச் சட்டத்தோடு போய்விட்டது. அதன் இடத்தில் வந்தது 222-32ஆம் பிரிவு: பொது இடத்தில் பிறர் கண்ணில் படும்படி பாலியல் ரீதியாக உடலைக் காட்டுதல். ஓர் ஆண்டு சிறை, 15,000 யூரோ அபராதம் வரை. கடற்கரையில் சும்மா துணியில்லாமல் படுத்திருப்பதை இந்தப் பிரிவில் போடுவதில்லை. ஆனால் அதே கடற்கரையில் பாலியல் சேட்டை செய்தால் ‘இது நிர்வாணக் கடற்கரைதானே’ என்ற வாதம் எடுபடாது.

நடைமுறையில் உங்களைத் தொடக்கூடியது மேயரின் ஆணைதான். எந்தக் கடற்கரையின் எந்தப் பகுதி நிர்வாணத்துக்கு என்று ஒவ்வொரு ஊராட்சியும் ஆணை போடும். அதன் எல்லைதான் பலகையில் இருக்கும். பலகைக்கு இந்தப் பக்கம் இருபது மீட்டர் தள்ளிப் படுத்தால் அது ஆணை மீறல், அங்கேயே அபராதச் சீட்டு எழுதலாம். புதிதாய் வருபவர்கள் சிக்குவது பெரும்பாலும் இப்படித்தான்: கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று நடந்து நடந்து எல்லையைத் தாண்டிவிடுவார்கள், அல்லது கடலில் நீரோட்டம் மெல்லப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய் நீச்சலுடைக் குடும்பங்களின் நடுவே கரையேற்றிவிடும். நீந்தும்போது கரையில் உங்கள் குடையையோ பலகையையோ அடையாளம் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

கார் நிறுத்துமிடம், மணலுக்குப் போகும் மரப்பாதை, கழிப்பறை வரிசை ஆகியவை பலகைக்கு உள்ளே இருந்தாலொழிய உடையோடுதான். கழற்றுவதும் உடுத்துவதும் உங்கள் துண்டு விரித்த இடத்தில்.

#4 கோவைக்காரன்

ஏங்க, ஆக்துவுக்குப் பாரிஸ்ல இருந்து நேரா டிஜிவி இருக்கே. வள்ளம், பஸ்னு எதுக்கு அலையணும்? ஸ்டேஷன்ல இருந்து அந்தக் குடியிருப்பு ஏழெட்டு கிலோமீட்டர்தான், டாக்ஸி பிடிச்சா முடிஞ்சது. மணல் ரெண்டு கிலோமீட்டர் நீளம். கடை, பேக்கரி, சலவைக்கூடம் எல்லாம் உள்ளேயே. லெவாந்ல பாறை மேல படுத்து முதுகு வலிதான் மிச்சம்.

#5 உப்புக்காற்று

பாறை விசயத்தில அண்ணை சொல்லுறது உண்மை. அதுக்கு முகாம் கடையில மடிக்கிற நுரைப் பாய் வாங்கலாம், ஒரு சென்ரிமீற்றர் தடிப்பு போதும்.

ஆக்து வேற உலகம். அது வேலி போட்டு வாசல் வைச்ச ஒரு சின்னப் பட்டணம். வாசலில நாள் கட்டணம், அடையாள அட்டை கேப்பினம். போருக்குப் பிறகு ஒல்த்ரா குடும்பம் தங்கட காணியில கூடாரம் அடிக்க விட்டதில தொடங்கி, எழுபதுகளில மாடிக் கட்டடங்கள் வந்து வளந்தது. அந்தக் கூடார முகாம் பக்கம் இண்டைக்கும் குடும்பங்கள்தான் கூட. ஆனா கடற்கரை மார்செயான் ஊர்ப் பக்கம் நீளுற இடத்தில சேருற கூட்டம் வேற தேவைக்கு வாறது, இரவு விடுதிகளும் அப்பிடித்தான். முதல்முறை, அதுவும் ஒராள் தயங்குகிற சோடி எண்டால், தெரியாமல் அந்தப் பக்கம் துவாயை விரிச்சுவிட்டு ‘நிர்வாணக் கடற்கரை எண்டால் இதுதான்’ எண்டு முடிவுகட்டித் திரும்பி வருவீங்கள். ஆக்துதான் வேணுமெண்டால் முகாமுக்கு நேர, உயிர்காப்பாளர் மேடைக்குக் கிட்ட இருங்கோ.

வாசற் கட்டணம் குடியிருப்புக்குத்தான். கடற்கரை அரசின்ர நிலம். மார்செயான் பக்கத்தால கரையோரமா நடந்து வந்தால் ஒருதரும் காசு கேக்க ஏலாது, ஆனா பின்னால இருக்கிற கடைக்கும் கழிப்பறைக்கும் போக ஏலாது. அரை நாள் எண்டால் சமாளிக்கலாம்.

#6 தோல்_வைத்தியம்

மருந்துக்கடைக் கவுன்டருக்குப் பின்னால் நிற்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஜூலையில் இந்த வகைப் பயணத்தைக் கெடுப்பது வெட்கம் இல்லை, முதல் நாள் வெயில். வருடம் முழுக்க வெயிலே படாத தோல் அன்றைக்குத்தான் முதல்முறை வெளியே வருகிறது: பிட்டம், மார்பு, இடுப்பு மடிப்பு, தொடையின் உள்பக்கம். கையும் முகமும் தாங்குகிற வெயிலை இவை தாங்காது. பிட்டம் வெந்துவிட்டால் திரும்பும் நாலு மணி நேர ரயிலில் உட்கார முடியாது.

அளவு: சன்ஸ்கிரீன் சீசாவில் போட்டிருக்கும் பாதுகாப்பு எண் (SPF) ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசினால் கிடைப்பது. சராசரி உடல் 1.7 சதுர மீட்டர் என்று வைத்தால் முழு உடம்புக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய 34 கிராம். பெரும்பாலானோர் இதில் பாதிதான் பூசுகிறார்கள், 50 என்று எழுதியிருப்பது தோலில் அதைவிட வெகு கீழே இறங்கிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் குளித்துத் துடைத்த பிறகும் மறுபடி. அப்படியானால் இருவருக்கு, ஒரு நாளில் மூன்று தடவை என்றால், 200 மில்லி சீசா ஒரே நாளில் காலி. நாலு நாளைக்கு ஒரு சீசா என்று வாங்கி வருபவர்கள் மூன்றாம் நாள் வெந்த தோலுக்கு ஆஃப்டர்சன் கிரீம் கேட்டு வருவார்கள். ஊரிலேயே பெரிய பல்பொருள் அங்காடியில் வாங்கிக்கொண்டு போங்கள், தீவு விலை வேறு.

பூசுவது அறையில், துணியில்லாமல், கிளம்புவதற்கு முன். கடற்கரையில் பூசினால் மணலும் சேர்ந்து தேய்படும், முதுகின் நடுவும் காதின் பின்னும் முழங்கால் மடிப்பும் விட்டுப்போகும். பிறப்புறுப்பின் வெளித்தோலுக்கு வாசனை இல்லாத, ஆல்கஹால் இல்லாத கிரீம். உள் சவ்வில் எதுவும் பூசாதீர்கள், எரியும். அங்கே நிழலும் துணியும்தான் மருந்து: மல்லாந்து படுத்தால் துண்டின் ஒரு முனையை மேலே போட்டுக்கொள்ளுங்கள். ஸ்ப்ரே வகைகள் பலவற்றில் ஆல்கஹால் உண்டு. அந்த இடத்தில் அடித்தவர் உடனே கடலுக்கு ஓடுவார், உப்பு பட்டு இன்னும் எரியும்.

முடி நீக்குவதானால் குறைந்தது இரண்டு நாள் முன்பு. முந்தின இரவு சவரம் செய்த தோலில் உப்புத் தண்ணீரும் சன்ஸ்கிரீனும் சேர்ந்தால் சிவந்து பொரிந்துவிடும்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோடை நேரக் கணக்கில் அந்தக் கரையில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, பிற்பகல் 1.40 வாக்கில். பார்சலோனாவில் கிட்டத்தட்ட 2 மணி. ஆகவே ‘மூன்று மணி ஆகிவிட்டது, இனி வெயில் தணியும்’ என்பது தப்புக் கணக்கு. நாலரை வரை நிழல் வேண்டும். முதல் நாள் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், அவ்வளவு போதும்.

#7 அலைமேடு

அக்கா, இது வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லும் கணக்கு இல்லையா? நம் நிறத்துக்கு 50 எல்லாம் எதற்கு? தேங்காய் எண்ணெய் போதாதா?

#8 தோல்_வைத்தியம்

தேங்காய் எண்ணெய் சன்ஸ்கிரீன் இல்லை, தோலை மினுக்கும், அவ்வளவுதான். கருந்தோலில் மெலனின் கூடுதல் பாதுகாப்புத் தருவது உண்மை, வெந்துபோக அதிக நேரம் எடுக்கும். ஆனால் துணிக்குள்ளேயே இருந்த இடம் எந்த நிறமானாலும் பழக்கமில்லாத இடம். நம் தோலில் வெந்தது சிவப்பாகத் தெரியாது, தொட்டால் சூடும் இழுப்பும்தான் தெரியும். தெரிந்துகொள்ளும்போது இரண்டு மணி நேரம் தாமதம். அதன் பிறகு வரும் கருந்திட்டு மாதக்கணக்கில் நிற்கும், அதுதான் கவுன்டரில் அதிகம் கேட்கும் புகார். 30க்குக் கீழே வேண்டாம். துத்தநாக வகை நம் தோலில் சாம்பல் பூசினது போல நிற்கும், துத்தநாகம் இல்லாத வகை அல்லது நிறம் கலந்த வகை வாங்குங்கள்.

#9 பாரிஸ்_கிழக்கு

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, நன்றி. கேட்கக் கூச்சமான கேள்விகள் மிச்சம். கண்ணை எங்கே வைப்பது? ஆண்களுக்கு உடல் தன் பாட்டில் எழுந்துவிட்டால்? மாதவிலக்கு நாளாக இருந்தால்? போனை என்ன செய்வது?

#10 இஸ்த்ரியா_கூடாரம்

கண்: முகத்தில். பேசும்போது முகம், பேசாதபோது கடல் அல்லது புத்தகம். ஒரு பார்வை பட்டு நகர்வதை யாரும் பொருட்படுத்துவதில்லை. கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நெடுநேரம் ஒரே திசையில் தலை திரும்பியிருப்பதை எல்லோரும் கவனிப்பார்கள். துண்டு விரிக்கும்போது பக்கத்தவருக்கு இடைவெளி விடுங்கள். வெறுங்கடற்கரையில் ஒருவருக்கு இரண்டு மீட்டரில் வந்து விரிப்பது மோசமான பழக்கமாகக் கருதப்படும்.

துண்டு இல்லாமல் எதிலும் உட்காராதீர்கள். நாற்காலி, கல்திட்டு, படகின் பலகை, மதுக்கடை ஸ்டூல் எதுவானாலும் முதலில் உங்கள் துண்டு. இந்த ஒன்றைத் தவறினால்தான் பழைய ஆட்கள் வாய்திறந்து திட்டுவார்கள். அதனால் ஆளுக்கு இரண்டு துணி: படுக்க ஒன்று, தோளில் தொங்கப்போட்டுப் போகும் இடமெல்லாம் விரிக்க ஒன்று. கடைகளில் விற்கும் பரேயோ என்ற இடுப்புத்துணி வேண்டாம், வீட்டுச் சாரம் அதைவிட நல்லது: சட்டென்று காயும், கிராமச் சதுக்கத்தில் இடுப்பில் கட்டலாம், வெயிலில் போர்த்தலாம்.

உடல் எழுந்தால் குப்புறப் படுக்கவும், அல்லது துணியை மடியில் போடவும், அல்லது தண்ணீருக்குள் போகவும். சில நிமிடத்தில் அடங்கிவிடும். நிமிர்ந்து நடமாடினால் அது வேறு செய்தியாகிவிடும். உண்மையில் காற்று, உப்பு, மணல் எல்லாம் சேர்ந்து பயப்படுகிற அளவுக்கு நடப்பதில்லை.

மாதவிலக்கு நாளில் கீழ்உடை போட்டுக்கொள்வது கட்டாய நிர்வாண இடங்களில்கூட ஏற்றுக்கொள்ளப்படும். டாம்பான், கப் என்றால் அதுவும் தேவையில்லை, டாம்பான் நூலை உள்ளே மடித்துவிட்டால் போதும். குளித்து வந்ததும் மாற்ற வேண்டும்.

போன் பைக்குள். அழைப்பு வந்தால் காதில் வைத்துப் பேசிக்கொண்டு துண்டிலிருந்து எழுந்து ஓரமாகப் போங்கள். கண் மட்டத்தில் தூக்கிப் பிடித்தால் படம் எடுக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். ‘நாங்கள் எங்களைத்தான் எடுத்தோம்’ என்ற சமாதானம் செல்லாது, பின்னணியில் யாராவது இருப்பார்கள். முகாம்களில் படம் எடுத்தது தெரிந்தால் வெளியேற்றிவிடுவார்கள். உங்கள் படமேயானாலும் போன் தானாக மேகத்தில் ஏற்றி வீட்டு டிவியில் ஓடவிடுமா என்று முதலில் அமைப்பைப் பாருங்கள். வாட்ஸப்பில் இருப்பிடப் பகிர்வு ஓடிக்கொண்டிருப்பதையும் பாருங்கள், சித்தப்பா வீட்டுக் குழுவில் தீவு விழும்.

#11 கோவைக்காரன்

ஸ்பெயின் பத்தி யாரும் சொல்லலையே. 1988ல ‘பொது அவமானம்’ங்கற குற்றத்தையே சட்டத்துல இருந்து எடுத்துட்டாங்க, அதனால நாட்டுச் சட்டப்படி நிர்வாணம் குற்றமே இல்லை. ஆனா ஊர் விதி வேற. பார்சலோனா 2011ல தெருவுல நிர்வாணத்தையும், கடற்கரையை விட்டு வெளியே வெறும் நீச்சலுடையில நடக்கறதையும் தடை பண்ணிடுச்சு. நிர்வாணத்துக்குன்னு பலகை வெச்ச இடம் மார் பெல்யா கடற்கரையில ஒரு துண்டு, மெட்ரோ மஞ்சள் லைன்ல போய் இறங்கி நடக்கலாம். நகரக் கடற்கரைங்கறதால திருட்டு ஜாஸ்தி. ரெண்டு பேரும் சேர்ந்து தண்ணிக்குள்ள போகவே கூடாது. இல்லாட்டி சாவி, கார்டு, கொஞ்சம் காசு மட்டும் தண்ணி புகாத பையில போட்டு கழுத்துல மாட்டிக்கோங்க. உடம்புல வேற ஒண்ணுமில்லாம கழுத்துல பை மட்டும் தொங்கற ஆளுங்களை அங்க நிறையவே பார்க்கலாம், யாரும் சிரிக்க மாட்டாங்க.

அமைதியா வேணும்னா தாராகோனாவுக்குத் தெற்கே தோர்ன் கடற்கரை. நீளமான மணல், பின்னால முகாம். இபிசா தீவுல எஸ் கவல்யெத் எழுபதுகள்ல இருந்தே நிர்வாணத்துக்குப் பேர் போனது.

#12 சட்டப்பிரிவு

ஒவ்வொரு நாட்டுக்கும் தனிக் கணக்கு என்பதை மறக்க வேண்டாம். இத்தாலியில் ஒதுக்கப்பட்ட இடம் தவிர மற்ற இடத்தில் அபராதம் உண்டு. ரோமுக்கு அருகே கபோகொத்தா ஒதுக்கப்பட்ட ஒன்று. கிரேக்கத்தில் பல கடற்கரைகளில் கண்டும் காணாமல் விடுகிறார்கள், அது உரிமை ஆகாது. ஊர்க் குடும்பங்கள் வந்து உட்கார்ந்தாலோ பக்கத்தில் கோயில் இருந்தாலோ உடுத்திக்கொள்வது நல்லது. மால்டாவிலும் துருக்கியிலும் முயலவே வேண்டாம்.

#13 இஸ்த்ரியா_கூடாரம்

குரோவேசியாவில் எஃப்.கே.கே. (ஜெர்மனில் ‘சுதந்திர உடல் பண்பாடு’ என்பதன் சுருக்கம்) என்று மூன்று எழுத்துப் பலகை தேடுங்கள். இஸ்த்ரியா தீபகற்பத்தில் வ்ர்சார் ஊருக்குப் பக்கத்தில் கோவர்சாதா 1961இல் திறந்தது, அந்நாள் யூகோஸ்லாவியா அந்நியச் செலாவணிக்காகவே இதை வளர்த்தது. ரொவிஞ் பக்கத்தில் வலால்தா இன்னொன்று. தங்காதவர்களும் நாள் சீட்டு வாங்கி உள்ளே போகக்கூடிய முகாம்கள் உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மணல் அரிது, பெரும்பாலும் பாறை, கூழாங்கல், சிமெண்ட் திட்டு, அதிலிருந்து ஏணி வழியே நேரே ஆழம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், கடல் முள்ளெலியும் நிறைய. ரப்பர் அடிப் போட்ட தண்ணீர்ச் சப்பாத்து இல்லாமல் இறங்காதீர்கள். லெவாந் பாறைக்கும் இதே விதி.

முள் ஏறிவிட்டால் ஊசியால் தோண்ட வேண்டாம், உள்ளே உடைந்துவிடும். வெந்நீரில் பாதத்தை ஊறவைத்து, நீட்டிக்கொண்டிருப்பதை இடுக்கியால் நேராக இழுக்க வேண்டும். மூட்டுக்குப் பக்கத்தில் ஏறினால் மருத்துவரிடம்.

#14 அலைமேடு

ஜெல்லிமீன் கடித்தால் வினிகர் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. ஒரு சின்னப் போத்தல் போதுமா?

#15 தோல்_வைத்தியம்

வினிகர் இங்கே வேண்டாம். அது ஆஸ்திரேலியப் பெட்டி ஜெல்லிக்குச் சொன்ன வைத்தியம். மத்திய தரைக்கடலில் கோடையில் கொட்டுவது பெரும்பாலும் ஊதா நிறப் பெலாஜியா. அதற்கு வினிகர் ஊற்றினால் வெடிக்காமல் இருக்கும் நச்சுச் செல்களும் வெடிக்கும். நல்ல தண்ணீரும் அப்படியே. கடல் தண்ணீரால் அலம்புங்கள், துண்டால் தேய்க்காதீர்கள், ஒட்டியிருப்பதைப் பழைய பிளாஸ்டிக் கார்டின் விளிம்பால் வழித்தெடுங்கள், பிறகு துணியில் சுற்றிய குளிர்பை. நீச்சலுடை இல்லாததால் கொட்டு எங்கும் படலாம். பிறப்புறுப்பில், கண்ணில் பட்டாலோ, மூச்சுத் திணறினாலோ 112.

ஆக்து, அதற்குத் தென்மேற்கே இருக்கும் லொகாத் மாதிரி மணல் கரையில் வேறொரு விரோதி உண்டு: ஆழமில்லாத தண்ணீரில் மணலுக்குள் புதைந்திருக்கும் வீவ்ர் மீன். மிதித்தால் அதன் முதுகு முள் காலில் ஏறும், வலி உயிர் போகும். அதற்குக் குளிர் இல்லை, சூடு: பொறுக்கக்கூடிய வெந்நீர், 40–45 பாகை, அரை மணி நேரம் அல்லது அதற்கு மேல். அந்த நச்சு சூட்டில் வலுவிழக்கும். உயிர்காப்பாளர் நிலையத்தில் கேட்டால் வெந்நீர் தருவார்கள்.

#16 உப்புக்காற்று

காற்றை ஒருதரும் தொடேல்லை. லெவாந் இருக்கிற புறோவான்ஸ் பக்கம் மிஸ்த்ரால், ஆக்து இருக்கிற லாங்கெதோக் பக்கம் த்ரமோந்தான், இரண்டும் வடமேற்கிலயிருந்து வாறது. உடுப்போட இருக்கிறவனுக்கு அது காற்று. வெறும் மேலுக்கு அது மணல் தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி. லொகாத்தில பலகைச் சவாரிக்காரர் கூடுறதே அந்தக் காற்றுக்காகத்தான், அங்க நிர்வாணக் குடியிருப்புகள் நல்லாயிருந்தாலும் கடற்கரை நாளை காற்றுத்தான் தீர்மானிக்கும். குடை வேண்டாம், பறந்துபோய் ஆளைக் குத்தும். கம்பு நட்டுக் கட்டுற துணித்தடுப்பு வாங்கி, முதுகை வடமேற்குக்குக் குடுத்து இருங்கோ.

மிஸ்த்ரால் கரையிலயிருந்து கடலுக்குத் தள்ளுற காற்று. மேல்தண்ணி வெளிய போக அடித்தண்ணி மேல வரும். ஒண்டு இரண்டு நாளிலயே 24 பாகைத் தண்ணி 17க்கு இறங்கும். வானம் நீலம், வெயில் உச்சம், தண்ணி ஐஸ். மிதக்கிற பாய், ரப்பர் வளையம் ஒண்டும் அண்டைக்கு எடுக்க வேண்டாம், திரும்பி வராது.

தீவுக்கு வள்ளமும் அந்தக் காற்றில நிக்கும். திரும்புற நாள் பலத்த காற்று எண்டு முன்னறிவித்தல் வந்தால் முந்தின நாளே கரைக்கு வந்திடுங்கோ. ரயில் சீட்டை மாத்தக்கூடிய வகையில வாங்குங்கோ, மலிவு பாத்து மாத்த ஏலாதது எடுத்தால் வள்ளத்தில மிச்சம் பிடிச்ச காசு ரயிலில போயிடும்.

தீவில இன்னும் சில: தெருவிளக்கு இல்லை, தலையில கட்டுற ரோர்ச் வேணும். துறைமுகத்திலயிருந்து கிராமத்துக்கு நல்ல ஏற்றம், சக்கரப் பெட்டி கல்லில இழுபடாது, முதுகுப் பை கொண்டு போங்கோ. ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு லீற்றர் தண்ணி, பாறைப் பக்கம் கடை இல்லை. கையில காசுத்தாள் வைச்சிருங்கோ. காடு முழுக்கக் காய்ஞ்சு கிடக்கும், வெளியில சிகரெட் பத்த வைக்கக் கூடாது. படைத்தளப் பலகையைத் தாண்டிப் போக வேண்டாம், உடுப்பில்லாமல் சிப்பாயிட்ட விளக்கம் சொல்லுறது வசதியில்லை. கிரோத்தில இடம் பிடிக்க வேணுமெண்டால் பத்து மணிக்கு முன்னம், பகல் பயணிகளின்ர வள்ளம் வந்தால் மணல் நிறைஞ்சிடும்.

கரையில பழுப்பு நாடா மாதிரி இலைக் குவியல் கிடந்தால் அது குப்பை இல்லை, பொசிதோனியா எண்ட கடற்புல். அது சட்டத்தால பாதுகாக்கப்பட்ட தாவரம், மணல் அரிபடாமல் பிடிச்சு வைக்கிறது அதுதான். மேல துவாய் விரிச்சால் மெத்தை மாதிரி இருக்கும், மணக்கும்தான்.

#17 நெறியாளர்

தனிச்செய்தியில் ‘சேர்ந்து போகலாமா’ என்று கேட்டவர்களின் கணக்கு முடக்கப்பட்டது. இழை திறந்திருக்கும், பயண விவரத்துக்கு மட்டும்.

#18 இஸ்த்ரியா_கூடாரம்

நெறியாளர் தொட்டதால் ஒன்று. பெண்கள் தனியாகவோ இருவராகவோ போனால் மணல்மேட்டுப் புதர் ஓரத்தைத் தவிர்க்கவும், தண்ணீருக்குப் பக்கத்தில் குடும்பங்கள், வயதான சோடிகள் இருக்கும் வரிசையில் விரிக்கவும். ஒருவன் கிட்ட வந்து உட்கார்ந்து நோட்டம் விட்டால் இடம் மாறிப் போய்விடாதீர்கள், பக்கத்தவரிடம் உரக்கச் சொல்லுங்கள். பழக்கமான ஆட்கள் தாங்களே எழுந்து வந்து அவனை அனுப்பிவிடுவார்கள், தங்கள் கடற்கரையின் பேர் கெடுவதை அவர்கள் விரும்புவதில்லை. கேட்காவிட்டால் பிரான்சில் போலீஸுக்கு 17, ஐரோப்பாவில் எங்கும் 112.

#19 பாரிஸ்_கிழக்கு

முடிவு: லெவாந், மூன்று இரவு, காலை ரயில். கழற்றாதவர் பாறையில், மற்றவர் கிரோத்தில், மதியம் அறைக்குத் திரும்பல். ஒரு கேள்வி மட்டும் மிச்சம். ஜூலைக்குப் பதில் செப்டம்பர் நடு என்றால்?

#20 உப்புக்காற்று

ஏலுமெண்டால் செப்டம்பர்தான். கடல் இன்னும் 22 பாகை மட்டில இருக்கும், வெயில் குறைவு, அறை விலையும் இறங்கும், சனமும் குறைவு. ஆனா வள்ள அட்டவணை கோடையில மாதிரி அடிக்கடி இராது. சதுக்கத்தில சில சாப்பாட்டுக் கடையும் பூட்டத் தொடங்கும். அறை பதியமுன்னம் வள்ள நேரத்தைப் பாருங்கோ, மறுவளமாப் பதிய வேண்டாம்.